குரோட்டுகள் நின்ற சனிக்கிழமை

சனிக்கிழமைகளில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் சாப்பிட முடியாது. அன்று அது ஜெர்மனி. நானூறு வருஷத்துக்கு முன்னால் அங்கே முப்பது வருஷம் நடந்த ஒரு சண்டையை, ஷார்ஜாவில் ஆறாவது மாடி ஃப்ளாட் ஒன்றில், என் கணவர் விடாமல் நடத்திக்கொண்டிருந்தார். துபாய் தேராவில் திரைச்சீலைக் கடையில் வாங்கிய பச்சைத் துணிதான் வயல்வெளி. டிவி வந்த பெட்டியிலிருந்த தெர்மோகோலை அறுத்துக் குன்று செய்திருந்தார். அதன்மேல் கட்டைவிரல் உயரத்துக்கு உலோகப் பொம்மைகள்: ஈட்டிக்காரர்கள், துப்பாக்கிக்காரர்கள், பீரங்கிகள், குதிரைப்படைகள். நானும் மகளும் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சோபாவில் சாப்பிடுவோம்.

கல்யாணத்துக்கு முன்னால், குடிக்கிற புருஷனும் சீட்டாடுகிற புருஷனும் வாய்க்கக் கூடாது என்று மருதமலை முருகனிடம் வேண்டிக்கொண்டவள் நான். பொம்மை வைத்து விளையாடுகிற புருஷன் என்று ஒரு வகை இருப்பது அப்போது எனக்குத் தெரியாது.

அவர் ஒரு கட்டுமானக் கம்பெனியில் ப்ளானிங் எஞ்சினியர். எந்த வேலை எதற்குப் பிறகு வர வேண்டும், எது தள்ளிப்போனால் எது கெடும் என்று கணக்கிட்டுச் சொல்வது அவருடைய தொழில். வீட்டுக்கு வந்தால் பெயிண்ட். ஏசிக் காற்றில் பெயிண்ட் தூரிகையிலேயே காய்ந்துவிடும் என்பதால், காலி ஸ்வீட் டப்பாவில் ஈர ஸ்பாஞ்சை வைத்து, அதன்மேல் பட்டர் பேப்பரைப் போட்டு, அதில் பெயிண்டைக் குழைப்பார். ஸ்ப்ரே அடிக்க பால்கனிக்குப் போவார். காற்றில் ஈரம் அதிகமான நாளில் அடித்துவிட்டால் பொம்மை முழுக்கச் சொரசொரவென்று ஆகிவிடும், அன்றைக்கு வீட்டில் யாரும் அவரோடு பேச முடியாது. பொம்மைகளின் காலடியில் ஒட்டுவதற்குப் பாலைவன மணலை அள்ளிவந்து என் டீ வடிகட்டியில்தான் சலிப்பார். அதற்குப் பழுப்பும் பச்சையும் அடித்து ஜெர்மனி மண் என்பார். நான் வேறு வடிகட்டி வாங்கிக்கொண்டேன்.

எல்லாப் படையிலும் அவருக்கு உயிர் குரோட்டுகள். இன்றைய குரோஷியாப் பக்கத்திலிருந்து வந்து, கூலிக்குச் சண்டை போட்ட குதிரைக்காரர்கள். சிவப்பு மேலங்கி, ரோமத் தொப்பி, கழுத்தில் ஒரு துணி. இன்று ஆபீசுக்குக் கட்டுகிற டை அந்தக் கழுத்துத் துணியிலிருந்து வந்தது என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். கவசம் கிடையாது, குதிரையும் பெரிசில்லை. அவர்கள் வேலை வேவு பார்ப்பது, எதிரிக்குச் சாப்பாடு வரும் வண்டியை மடக்குவது, ஊரைக் கொளுத்துவது. ஊரைக் கொளுத்துகிறவனுக்குச் சிவப்புச் சட்டை ஒன்றுதான் கேடு என்று நான் சொன்னால், சிரித்துக்கொண்டே அடுத்த குதிரைக்கு வால் வரைவார்.

குரோட்டுகளுக்கு ஆட்டத்தில் ஒரு விதி உண்டு. கனத்த குதிரைப்படை உன்மேல் பாய்கிறது என்று எதிராளி சொன்னதும், குரோட்டை வைத்திருப்பவர் இரண்டில் ஒன்றைச் சொல்ல வேண்டும்: நிற்கிறேன், அல்லது விலகுகிறேன். விலகினால் பகடையில் விழுந்த தூரத்துக்குப் பின்னால் ஓடிவிடலாம். அடுத்த முறை திரும்பி வந்து, சுட்டுவிட்டு, மறுபடி ஓடலாம். நின்றால் தீர்ந்தது கதை. "குரோட்டு நிக்கக் கூடாது. நின்னான்னா செத்தான்" என்று அவர் சொல்லாத சனிக்கிழமை இல்லை.

"ஓடறதுக்கு ஒரு படை, அதுக்குச் சம்பளம் வேறயா?" என்று கேட்பேன்.

"ஓடறதுதாம்மா கஷ்டம். எப்ப ஓடணும்னு தெரியோணுமல்ல?" என்பார்.

எதிரில் உட்கார்ந்து ஸ்வீடன் படையை ஆடுகிறவர் ஆபீசில் அவருடைய மேனேஜர். மதுரைக்காரர், இவரைவிடப் பெரியவர். இவர் மேசையில் காகிதம் பறக்காமல் வைத்திருந்த பொம்மைக் குதிரையைப் பார்த்து, தம்பி, உங்களுக்கும் இந்தக் கிறுக்கு உண்டா என்று கேட்டாராம். அன்றிலிருந்து சனிக்கிழமை தவறாமல் வந்துவிடுவார். என்னைத் தங்கச்சி என்பார், நான் அண்ணா என்பேன். பத்து வருஷத்துக்கு மேலான பழக்கம்.

ஒருநாள் சாயங்காலம் ஆபீஸ் விட்டு வர வேண்டிய என் கணவர், ஷார்ஜாவைத் தாண்டி உம் அல் குவைனிலிருந்து போன் செய்தார். எங்கள் திருப்பத்தை விட்டுவிட்டு நேராகப் போய்விட்டிருந்தார். "ரோட்டை மறுபடி மாத்திட்டாங்க" என்றார். இந்த ஊரில் ரோட்டை மாற்றுவது புதிதில்லை. நேற்றிருந்த திருப்பத்தில் இன்று சிவப்புப் பீப்பாய் நிற்கும். நானும் நம்பினேன். பிறகு ஒரு மாலை, வண்ணம் தீட்டி முடித்த குதிரைகளையே எடுத்து மறுபடி வெள்ளை அடித்துக்கொண்டிருந்தார். ஏன் என்றால், இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே என்றார்.

இங்கே டாக்டரிடம் போகவில்லை. இன்சூரன்ஸ் கார்டைத் தேய்த்தால் ஆபீசுக்குச் செய்தி போய்விடும் என்பது இங்கே எல்லா வீட்டிலும் இருக்கிற பயம். உண்மையா என்று யாரும் சோதித்துப் பார்த்ததில்லை. ஜூலை லீவில் கோயமுத்தூரில் காட்டினோம். தலையைப் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், ஐம்பதே ஆகாதவருக்கு இப்படி வருவது அபூர்வம் என்றார். அபூர்வம் என்ற வார்த்தையை அவர் ஏதோ பரிசு கொடுப்பதுபோலச் சொன்னது எனக்கு எரிச்சலாக இருந்தது. மறதி நோய், திரும்பி வராது, மாத்திரை கொஞ்சம் மெதுவாக்கும். அவ்வளவுதான் அவர் சொன்னது.

மகள் அப்போது ப்ளஸ் ஒன். அவள் பிறந்ததே ஷார்ஜாவில்தான். கோயமுத்தூர் அவளுக்கு லீவுக்குப் போகிற ஊர். எங்கள் மூன்று பேருடைய விசாவும் அவருடைய வேலையில் தொங்கிக்கொண்டிருந்தது. வேலை போனால் விசா போகும், விசா போனால் பள்ளிக்கூடம் போகும். ப்ளஸ் டூ நடுவில் வந்தால் சேர்த்துக்கொள்ள மாட்டோம் என்று ஊரில் விசாரித்த பள்ளிகள் எல்லாம் சொல்லிவிட்டன. எனக்கு ஒரு வேலை கிடைத்தால் விசாவை என் பேரில் மாற்றலாம் என்று நானும் அலைந்தேன். இத்தனை வருஷம் வீட்டில் இருந்தவளை யார் எடுப்பார்கள்? ஆக, மகள் ப்ளஸ் டூ பரீட்சை எழுதி முடிக்கிறவரை அவர் ஆபீசில் யாருக்கும் தெரியக் கூடாது. அதற்குப் பிறகு எது வந்தாலும் வரட்டும் என்று இரண்டு பேரும் பேசி முடிவு செய்தோம்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை அது. காரை நான் ஓட்ட ஆரம்பித்தேன். அவருக்கு முதுகுவலி என்று சொல்லிக்கொண்டோம். ஆபீசில் யார் எதைக் கேட்டாலும், மெயில் போடுங்க, பார்த்துச் சொல்றேன் என்று சொல்லச் சொன்னேன். மாலையில் வீட்டுக்கு வந்ததும் லேப்டாப்பைத் திறந்து நான் உட்கார்வேன். எம்.எஸ்ஸி. கணக்குப் படித்தவளுக்கு அவருடைய வேலை அட்டவணைக் கட்டங்கள் பழகக் கொஞ்ச நாள்தான் ஆயிற்று. கேட்டால் விலகு, பிறகு திரும்பி வந்து பதில் சொல். எங்கள் வாழ்க்கையே குரோட்டு வாழ்க்கையாகிவிட்டது என்று அவரே ஒருநாள் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மிச்சமிருந்த ஆபத்து சனிக்கிழமை. வாரம் முழுவதும் ஆபீசில் மறைத்ததை, மேனேஜரின் முகத்துக்கு எதிரே ஒரு சாயங்காலம் முழுக்கத் திறந்து வைப்பதாக அல்லவா ஆகிவிடும்? நிறுத்திவிடலாம் என்றால், பத்து வருஷப் பழக்கத்தை ஏன் நிறுத்தினாய் என்று கேள்வி வரும். வேறு வழியில்லாமல் நான் ஆட்டத்துக்குள் இறங்கினேன். எனக்கும் ஆசையாக இருக்கிறது, இவருக்குத் துணையாக உட்கார்கிறேன் என்று சொன்னதும் மேனேஜர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். இத்தனை நாள் இந்தப் பொம்மைகளை நான் திட்டியதெல்லாம் அவர் காதால் கேட்டதுதானே.

விதிப் புத்தகத்தைப் பரீட்சைக்குப் படிப்பதுபோலப் படித்தேன். எனக்கும் அவருக்கும் ஒரு சைகை. மேனேஜர் குரோட்டுகள்மேல் பாய்ந்தால், நான் "டீ ஆறுது" என்பேன். அப்படியென்றால் விலகு என்று அர்த்தம். அவர் டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்துவிட்டு, "விலகறேனுங்க சார்" என்பார். மாசக்கணக்கில் இது நடந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கு அந்த ஆட்டம் பிடித்துப்போய்விட்டது. எங்கள் குரோட்டுகள் ஓடி ஓடியே ஸ்வீடன் படையைக் களைக்க வைத்து இரண்டொரு தடவை ஜெயிக்கக்கூடச் செய்தார்கள். ஏப்ரலில் மகள் ப்ளஸ் டூவுக்குப் போனாள். இன்னும் ஒரு வருஷம்கூட இல்லை, ஓட்டிவிடலாம் என்று நான் நினைக்க ஆரம்பித்தேன். நம்பிக்கை வைக்கக் கூடாத நேரம் பார்த்துத்தான் அது வந்து தொலைக்கிறது.

மே மாதம், வெயில் ஏறிய ஒரு சனிக்கிழமை. மகள் தோழி வீட்டுக்குப் படிக்கப் போயிருந்தாள். குரோட்டுகள் குன்றுக்குப் பக்கத்தில் தனியாக நின்றிருந்தார்கள்.

"என் பெரிய குதிரை உங்க குரோட்டு மேல பாயுது" என்றார் மேனேஜர்.

"ஏனுங்க, டீ ஆறுது" என்றேன்.

அவர் டம்ளரைத் தொடவில்லை. குரோட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "நிக்கட்டும்" என்றார்.

"டீ ஆறுதுங்க."

"ஆறட்டும் விடு."

மேனேஜர் பகடையை உருட்டாமல் கைக்குள் மூடிக்கொண்டார். பிறகு, "குரோட்டு நிக்க மாட்டானே, தம்பி. யோசிச்சுச் சொல்லுங்க" என்றார்.  மேனேஜர் தன் குதிரைப்படையை மெல்ல எடுத்துப் பழைய இடத்திலேயே வைத்தார். "சரி, நான் பாயலை. வேற பக்கம் போறேன்."

"அது ரூல்ல இல்லீங்க சார். பாயுதுன்னு சொல்லியாச்சு, திருப்ப முடியாது. உருட்டுங்க."

உருட்டினார். குரோட்டுகள் அழிந்தார்கள். என் கணவரே ஒவ்வொரு குதிரையாக எடுத்து, ஸ்பாஞ்ச் வெட்டி வைத்திருந்த டப்பாவுக்குள் அதனதன் பள்ளத்தில் படுக்க வைத்தார். மூடியைச் சாத்திவிட்டு மேனேஜரை நிமிர்ந்து பார்த்தார்.

"மறந்துபோயி நிறுத்தலீங்க சார். தெரிஞ்சுதான் நிறுத்தினேன். எனக்கு மறதி நோய். போன ஜூலைலயே கோயமுத்தூர்ல டாக்டர் சொல்லியாச்சு. மெயில் போடுங்க, மெயில் போடுங்கன்னு நான் சொல்றது வேலை ஜாஸ்தின்னு இல்லீங்க. எனக்கு ஒண்ணும் புரியறதில்லை. என்ற வேலையை வீட்டுல இவதான் பாக்கறா. இத்தனை வருஷம் என்ற மேசைல சோறு தின்ன மனுசன்கிட்ட இதுக்கு மேல ஓட என்னால ஆகாதுங்க."

அவ்வளவு நீளமாக, அவ்வளவு தெளிவாக அவர் பேசிப் பல மாதங்கள் ஆகியிருந்தன. நான் கட்டிக்கொண்ட பழைய மனிதர் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எனக்குப் பெருமையாக இருந்தது. அதே நொடியில் அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போலவும் இருந்தது.

மேனேஜரின் முகம் சுருங்கிவிட்டது. "ஏன் தம்பி சொன்னீங்க?" என்று மட்டும் கேட்டார். டீயைக் குடிக்காமல் எழுந்தார்.

லிஃப்ட் வரை நான் கூடப் போனேன். பட்டனை அமுக்காமல் நின்றார்.

"எனக்குத் தெரியும்மா. ரம்ஜான் நோன்புக்கு முந்தியே தெரியும். அவரு அனுப்புறதுல ஆபீஸ்ல நடந்தது எதுவும் இருக்காது, கணக்கு மட்டும் சுத்தமா இருக்கும். நீதான் செய்றேன்னு கண்டுக்கிட்டேன். விட்டுப்போனதை நான் சேத்துக்கிட்டுத்தான் இருந்தேன். வாயத் திறந்து யாரும் சொல்லாத வரைக்கும் எனக்குத் தெரியாதுன்னு நான் இருந்துக்கலாம். மேலிடத்துல கேட்டா, நல்லாத்தான் இருக்காருன்னு சொல்லிடலாம். இப்ப அவரே சொல்லிட்டாரே, தங்கச்சி. நாளைக்கு ஒரு தப்பு நடந்தா, உனக்குத் தெரியுமா தெரியாதான்னு என்னைத்தான் நிறுத்திக் கேப்பாங்க. தெரியாதுன்னு இனி எப்படிச் சொல்லுவேன்? என் பிள்ளைகளும் இங்கதான் படிக்குதுக."

"பாப்பா பரீட்சை வரைக்கும், அண்ணா."

"பரீட்சை பிப்ரவரிலதானே, அதுக்கு இன்னும் எத்தனை மாசம் இருக்கு? திங்கக்கிழமை ஆபீஸ்ல சொல்லித்தான் ஆகணும். மரியாதையா அனுப்புவாங்க, அதுக்கு நான் பொறுப்பு." பட்டனை அமுக்கினார். லிஃப்ட் வந்ததும் உள்ளே போய், திரும்பிச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார்.

எங்களுக்கு என்ன ஆயிற்று என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மரியாதையாகத்தான் அனுப்பினார்கள். கேக் வெட்டினார்கள். மகளுக்கு ஒரு வருஷம் போயிற்று. அடுத்த வருஷம் கோயமுத்தூரில், ஒரு டுடோரியலில், தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து எழுதினாள். என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, இன்றுவரை. திட்டியிருந்தால் தேவலை. விசா ரத்தான பிறகு ஊரைவிட்டுப் போகக் கொடுக்கிற அவகாசத்தை எப்படிக் கூட்டிப் பார்த்தும் பரீட்சையை எட்டவில்லை. எல்லாம் முடிந்துபோனது என்று லிஃப்ட் கதவு மூடும்போதே எனக்குத் தெரியும்.

வீட்டுக்குள் வந்து கத்தினேன். "நல்லவரா இருக்கறதுக்கு உங்களுக்கு வேற நாளே கெடைக்கலீங்களா? அவருக்கு எல்லாம் தெரிஞ்சுதான் இருந்திருக்குது. தெரிஞ்சே நம்மளக் காப்பாத்திட்டு இருந்தாரு. நீங்க வாயத் திறந்து அதைக் கெடுத்துட்டீங்க. பாப்பா என்ன பண்ணுவா?" அவர் மேசைத் துணியில் சுருக்கம் இல்லாமல் தடவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். "சொல்லோணும்னு தோணுச்சு" என்றார். அதற்கு மேல் என்ன சண்டை போடுவது? ஞாயிற்றுக்கிழமை முழுக்க நான் அவரோடு பேசவில்லை. இட்லியை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டேன். அவர் பால்கனிக் கதவோரம் உட்கார்ந்து ஏதோ ஒரு குதிரைக்குச் சேணம் தீட்டிக்கொண்டிருந்தார். அந்தக் கோபத்தை நான் ஒரு நாள் தள்ளிப்போட்டிருக்கலாம் என்று இன்று தோன்றுகிறது.

திங்கள் காலை வழக்கம்போலக் கிளம்பினார். சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டார், கம்பெனி அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். தைரியமாகத்தான் இருக்கிறார், தலைநிமிர்ந்து போய்ச் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். காரில் கோபம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. அவர் செய்ததுதான் சரி, நான்தான் பயந்தாங்கொள்ளி என்றுகூடத் தோன்றியது. ஆபீஸ் பார்க்கிங்கில் வண்டியை நிறுத்தி, கூட வரட்டுங்களா என்று கேட்க வாயெடுத்தேன்.

அவர் கண்ணாடி வழியாக முன்னும் பின்னும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "நீ கவலைப்படாதே. சாருக்கு ஒரு சந்தேகமும் வரலை. பாப்பா பரீட்சை வரைக்கும் எப்படியாவது தாக்குப் பிடிச்சுடறேன்."

எனக்கு முதலில் புரியவில்லை. "சனிக்கிழமை சார்கிட்ட என்னங்க சொன்னீங்க?"

"என்ன சொல்றது? நீ டீ ஆறுதுன்னே, நான் விலகிட்டேன். நல்ல ஆட்டம்."

அவர் பொய் சொல்லவில்லை. பொய் சொல்லும்போது அவர் இடது காதைத் தடவுவார். கை மடியிலேயே இருந்தது. வாழ்க்கையில் அவர் செய்த மிகத் துணிச்சலான காரியம் அவருக்குள் இல்லை. என்னிடமும், இன்னொருவரிடமும் மட்டும் இருந்தது. அந்த இன்னொருவர் வாசலில் கண்ணாடிக் கதவைத் திறந்து பிடித்தபடி இவருக்காகக் காத்துக்கொண்டிருந்தார்.

இவர் அவரைப் பார்த்துவிட்டார். காலரைச் சரிசெய்துகொண்டு இறங்கினார். இரண்டடி போனவர் திரும்பி வந்து, குனிந்து, என் பக்கத்து ஜன்னலில் தட்டினார். இறக்கினேன்.

"மூஞ்சிய இப்படி வெச்சிருக்காதே. சார் பாக்கறாரு, கண்டுபிடிச்சுடுவாரு" என்றார். "கொஞ்சம் சிரி."

சிரித்தேன்.